ஹோட்டன் சமவெளியில் முழங்கால் வரை புதைந்தேன், அது என்ன மண்?

கொட்டகலைக்காரி
போன ஞாயிறு வீட்டில் எல்லாருமாக வான் பிடித்து, இலங்கை மத்திய மலையில் உள்ள ஹோட்டன் சமவெளி போனோம். விடிய 3 மணிக்குக் கிளம்பி, பட்டிப்பொல தாண்டி, கேட்டில் சொப்பிங் பேக் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருந்த லேபிளைக்கூட உரித்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். சரி, அது நல்ல விஷயம். ஆனால் உலக முடிவு என்கிற மலை விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தால் ஒன்றுமே இல்லை, வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டிய மாதிரி ஒரே மூடுபனி. அரை மணி நேரம் நின்றோம். பக்கத்தில் நிற்பவர் முகம் தெரிந்ததே பெரிய காரியம். "உலகம் முடிஞ்சிருச்சு, வாங்க வீட்டுக்குப் போவோம்" என்று அண்ணன் நக்கலடித்தான்.

நான் கேட்க வந்தது அதை இல்லை. திரும்பி வரும் வழியில் தூரத்தில் ஒரு மரை மான் நின்றது, கொம்பு வைத்த ஆண். ஒரு போட்டோ எடுக்கலாம் என்று பாதையை விட்டு இறங்கினேன் (தெரியும், தெரியும், இறங்கக் கூடாது, திட்டுகிறவர்கள் வரிசையில் வாருங்கள்). பார்க்க நல்ல பச்சைப் புல், பந்து விளையாடலாம் போல இருந்தது. நாலாவது அடியில் வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. குளிர் என்றால் அப்படி ஒரு குளிர், எலும்பு வலித்தது. இழுத்தால் கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. அண்ணன் கையைவிட்டுத் துழாவியும் அகப்படவில்லை. அவன் கையில் வந்ததை வாங்கிப் பார்த்தேன், மண் மாதிரியே இல்லை. கறுப்பாக, நார் நாராக, பிழிந்தால் பிளேன்டி நிறத்தில் தண்ணீர் வடிந்தது. தேயிலைச் சக்கையைக் கொட்டி வைத்து மாதக்கணக்கில் மழையில் ஊறினால் வருமே, அந்த வாசம்.

அது என்ன மண்? மலை உச்சியில் சேறு எப்படி வந்தது? அம்மா "அனுமார் வாலால எரிச்ச மண்ணுடி, சீதை கோயில் இருக்கிற சீதா எலியவிலயும் கறுப்பாத்தான இருக்கு" என்று முடித்துவிட்டார். வேறு யாருக்காவது தெரியுமா?

பிளேன்டி
சப்பாத்து எந்தக் கம்பனி? வருடாந்த நினைவு நாள் வைக்கலாம்.

வான்சாரதி
தங்கச்சி, திட்டத்தான் வந்தேன், நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதனால் பாதி மட்டும் திட்டுகிறேன். இருபது வருடமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறேன். வருடத்தில் நாலைந்து பேராவது ஒற்றைச் சப்பாத்தோடு வானில் ஏறுவார்கள். ஒரு தடவை இடுப்பு வரை போன ஒரு பெரியவரைத் துண்டு கொடுத்து இழுத்தோம். புல் பச்சையாக, மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் பச்சையாக, மேடு பள்ளம் இல்லாமல் சமமாக இருந்தால் அங்கே கால் வைக்காதீர்கள். குத்துக் குத்தாகப் புல் நிற்கிற இடம்தான் உறுதி.

மூடுபனி விஷயம்: 9 மணிக்கு மேல் போனால் அப்படித்தான். கேட் 6 மணிக்குத் திறக்கிறது, முதல் ஆளாக உள்ளே போய் நேரே உலக முடிவுக்குப் போய்விட வேண்டும். ஜனவரி தொடக்கம் மார்ச் வரை வானம் துப்புரவு, ஆனால் அப்போது புல்லில் உறைபனி பிடிக்கும், கம்பளிச் சட்டை இல்லாமல் வரவே வேண்டாம்.

பண்டாரவளை வாத்தியார்
பிள்ளை, கேள்வி நல்ல கேள்வி. உங்கள் கால் போனது மண்ணுக்குள் இல்லை, பழைய புல்லுக்குள். இதைப் பீட் என்பார்கள். நாற்றுமேடைக்கு வாங்குகிற தென்னஞ்சோற்றுப் பீட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே இதைப் பார்த்துத்தான்.

சாதாரண இடத்தில் புல் செத்தால் மக்கி மண்ணாகிவிடும். மக்குவதற்குக் கிருமி வேண்டும், கிருமிக்குக் காற்று வேண்டும். அங்கே 2,100 மீற்றருக்கு மேலே உயரம், வருடத்துக்கு 2,500 மில்லிமீற்றர் அளவில் மழை, அது போக மூடுபனியின் ஈரம், வெயில் குறைவு, பள்ளங்களில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது. தண்ணீருக்குள் காற்று இல்லை, அதோடு குளிர். செத்த புல்லும் பாசியும் பாதி மக்கிய நிலையிலேயே நின்றுவிடுகின்றன. அடுத்த வருடப் புல் அதற்கு மேல் விழும். நல்ல இடத்தில்கூட ஒரு மில்லிமீற்றர் உயர ஒரு வருடம் பிடிக்கும். உங்கள் முழங்கால் உயரத்தை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை நூற்றாண்டுக்குள் காலை விட்டீர்கள் என்று.

பிளேன்டி நிறமும் அதனால்தான். இலையில் உள்ள சாயம் தண்ணீரில் இறங்குகிறது, நாம் கோப்பையில் செய்கிற அதே வேலை.

வடமராட்சியான்
வாத்தியார் குறை நினைக்கக் கூடாது, பீட் எண்டது அயர்லாந்து, ரஷ்யா மாதிரிக் குளிர் நாட்டுச் சாமான் எல்லோ? அங்க வெட்டிக் காய வைச்சு அடுப்பெரிக்கினம். இலங்கையில எண்டால் நீர்கொழும்புப் பக்கம் முத்துராஜவெலவில இருக்கு எண்டு படிச்சனான். மலையில இருக்கிறது வெறும் சதுப்பு. பெரிய பெயர் வைச்சுக் கூப்பிட்டாப் போல சேறு பீட் ஆகாது.

பண்டாரவளை வாத்தியார்
குறை இல்லை தம்பி, பாதி நீங்கள் சொல்வது சரி. சமவெளி முழுவதும் பீட் இல்லை. மேட்டில் இருப்பது கறுப்புத் தோல் போர்த்திய மலை மண், அதற்கு மேல் குத்துப்புல். ஓடைக்கரையிலும் பள்ளங்களிலும்தான் உண்மையான பீட் இருக்கிறது. முத்துராஜவெலவும் பீட்தான், ஆனால் அது கடலோரம், கதை வேறு.

ஆனால் "வெறும் சதுப்பு" என்பதை ஏற்க மாட்டேன். பிரேமதிலக என்ற ஆய்வாளர் அந்தப் பள்ளத்தில் குழாய் இறக்கி எடுத்த பீட்டை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலும் சிக்கிய மகரந்தத்தை எண்ணி, 24,000 வருடக் காலநிலையை வாசித்திருக்கிறார். மழை குறைந்த காலத்தில் புல்லின் மகரந்தம் கூடுகிறது, மழை கூடினால் காட்டு மரங்களின் மகரந்தம் கூடுகிறது. மனிதன் அங்கே மாடு மேய்த்ததற்கும் காடு எரித்ததற்கும் அடையாளம் இருக்கிறது என்றுகூட எழுதியிருக்கிறார். நெருப்பு அனுமார் வைத்ததா என்று அவர் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள்.

வேறு எந்த ஏட்டில் 24,000 வருடம் எழுதி வைத்திருக்கிறது?

வடமராட்சியான்
ஓம், அப்பிடியெண்டால் சரி. மகரந்தம் இவ்வளவு காலம் கெடாமல் கிடக்குமோ?

பண்டாரவளை வாத்தியார்
காற்று இல்லாமல் எது கெடும்? ஐரோப்பாவில் பீட்டுக்குள் இரண்டாயிரம் வருடத்து மனித உடலே தோலும் முடியுமாக அகப்பட்டிருக்கிறது.

பிளேன்டி
அப்படியென்றால் சப்பாத்து பத்திரமாக இருக்கிறது. இன்னும் 24,000 வருடம் கழித்து ஒரு புரொபசர் தோண்டி எடுத்து "இந்த இனம் ஒற்றைக்காலால் நடந்தது" என்று எழுதப் போகிறார்.

கொட்டகலைக்காரி
சிரித்துச் சிரித்து வேலை இடத்தில் திட்டு வாங்கினேன். வாத்தியார் ஐயா, ரொம்ப நன்றி. இப்போது கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகவும் இருக்கிறது. நான் வைத்த அந்த நாலு அடியால் ஏதும் கெட்டிருக்குமா?

பண்டாரவளை வாத்தியார்
நாலு அடி பரவாயில்லை. எல்லாரும் நாலு அடி வைத்தால்தான் வினை. பீட் ஒரு பஞ்சு. மிதித்தால் அமுங்கும், அமுங்கிய கோட்டில் தண்ணீர் வடியத் தொடங்கும், வடிந்த இடம் காயும், காய்ந்ததும் காற்றுப் புகுந்து இத்தனை நூற்றாண்டு நின்றுபோயிருந்த மக்கல் திரும்பத் தொடங்கும். மழைக்கு அரித்துக்கொண்டும் போகும். உலகத்து நிலப்பரப்பில் பீட் நிலம் 3 வீதம் அளவுதான், ஆனால் எல்லாக் காடுகளின் மரங்களிலும் உள்ளதைவிடக் கூடுதலான காபன் அதற்குள் கிடக்கிறது. நம்முடையது அதில் ஒரு துளி, இருந்தாலும் நம்முடைய துளி.

வெள்ளைத்தாடி
இந்தப் பேச்சை மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் பேரன் எழுத்துப் பலகையைப் பெரிதாக்கித் தந்தான். எங்கள் அப்பா அங்கே வேலை செய்தவர். இப்போது உள்ளவர்களுக்குத் தெரியாது, 1960களில் ஹோட்டன் சமவெளியில் அரசாங்கத்தின் விதை உருளைக்கிழங்குப் பண்ணை இருந்தது. குளிரில் கிழங்குக்கு நோய் பிடிக்காது என்று அங்கே போட்டார்கள். அப்பாவுக்குக் கான் (வடிகால்) வெட்டுகிற வேலை. தோட்டத்தில் கான் வெட்டிப் பழகிய கை என்று எங்கள் ஆட்களைக் கூப்பிட்டார்களாம். தண்ணீரை வடியவிட்டால்தான் கிழங்கு அழுகாது. முதல் வருடம் வெட்டிய கான் அடுத்த வருடம் தானாகவே ஆழமாகிவிடும் என்று அப்பா சொல்வார். வாத்தியார் சொன்னதை வாசித்த பிறகுதான் அது ஏன் என்று விளங்கியது. கானுக்குப் பக்கத்துத் தரை இறங்கிப்போகும், மனிதன் கண்ணுக்குக் கான் ஆழமான மாதிரித் தெரியும், அவ்வளவுதான்.

பின்னால் பண்ணையை மூடினார்கள். 1969இல் இயற்கை ஒதுக்கம் ஆக்கி, 1988இல் தேசிய பூங்கா ஆக்கினார்கள். அப்பா என்னை ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டினார், பாத்தி போட்ட இடத்தில் வேறு புல் நின்றது, குத்துப்புல் இல்லை. மஞ்சள் பூப் பூக்கிற முள்ளுச்செடியும் நின்றது, அது வெள்ளைக்காரன் தன் ஊர் நினைவுக்குக் கொண்டுவந்து வைத்தது, இன்றைக்கும் ஆட்களை விட்டு வெட்டி வெட்டி மாளவில்லை என்கிறார்கள்.

வான்சாரதி
உண்மைதான் ஐயா, அந்த முள்ளைப் பிடுங்கத் தொண்டர்களைக் கூட்டிப்போன வானில் நானும் போயிருக்கிறேன். வேரோடு வராவிட்டால் திரும்ப முளைக்கும்.

குருவிப்பித்தன்
மண்ணைப் பற்றியே கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள், மேலே நடமாடுகிறதையும் கொஞ்சம் பாருங்கள். நம்ம ஆட்கள் 9 கிலோமீற்றர் சுற்றை ஓட்டப்போட்டி மாதிரி முடித்துவிட்டு "ஒன்றும் இல்லை, வெறும் புல்" என்று முகநூலில் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கேட்டுக்கும், வாகனத்தை நிறுத்தி நடக்கத் தொடங்குகிற ஃபார் இன்னுக்கும் இடையில் தெருவோரம் அரெங்கா குளம் என்று சின்னக் குட்டை இருக்கிறது. அரெங்கா என்பது சீட்டி அடிக்கிற ஒரு நீலப் பூங்குருவியின் பழைய விஞ்ஞானப் பெயர், இலங்கை மலையைத் தவிர உலகத்தில் எங்கும் இல்லை. விடிந்தும் விடியாத நேரம் வான் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் வாய் பேசாமல் இருந்தால், கத்தியைத் தீட்டுகிற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் வரும். நான் ஏழு தடவை போய் இரண்டு தடவைதான் கண்ணால் பார்த்தேன். தோளில் ஒரு துண்டு நீலம் மின்னும், திரும்பினால் கறுப்பு, அவ்வளவுதான், போய்விட்டது.

அப்புறம் புதர்களில் மூக்கில் கொம்பு வைத்த ஓணான். விரல் நீளம்கூட வராத வெள்ளைக் கொம்பு, காண்டாமிருகம் மாதிரி. அது ஓடாது, அசையாது, நாம்தான் தாண்டிப் போய்விடுவோம். என் மகள் கண்டுபிடித்தாள், நான் அதற்கு மேல் கைவைத்துத் தொப்பியை மாட்டப் போனேன்.

சதுப்பிலே கையளவு உயரத்தில் அழுகண்ணி நிற்கும். இலை முழுக்கப் பனித்துளி மாதிரிப் பசை, கொசு வந்து உட்கார்ந்தால் திரும்பப் போகாது. பீட்டில் சத்துக் குறைவு, அதனால் செடியே வேட்டைக்கு இறங்கிவிட்டது. மார்கழிப் பக்கம் போனால் வடக்கே இருந்து வருகிற உள்ளான் குருவி காலடியில் இருந்து விர்ரென்று எழும்பும். காலடி என்றால் பாதையில் உள்ள காலடி, கொட்டகலைக்காரி கவனிக்க.

தவளை கேட்டிருப்பீர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள். அங்கே உள்ள புதர்த்தவளைகளுக்கு வால் பேத்தைப் பருவமே இல்லை, முட்டையில் இருந்து நேரே குட்டித் தவளையாகத்தான் வரும். தண்ணீர் தேடி அலைய வேண்டாம், ஈரம் இருந்தால் போதும், ஈரத்துக்கு அங்கே என்ன குறை.

வடமராட்சியான்
சிறுத்தை?

குருவிப்பித்தன்
இருக்கிறது. காலையில் பாதையிலேயே எச்சம் கிடக்கும், உள்ளே மரை மயிர். ஆளைப் பார்க்க யோகம் வேண்டும். யானையும் ஒருகாலம் இருந்தது. சாமுவேல் பேக்கர் மாதிரியான துரைமார் சுட்ட சூட்டில் அந்த உயரத்தில் இப்போது ஒன்றும் இல்லை. அவர் பெயரில் நீர்வீழ்ச்சி மட்டும் இருக்கிறது, யானையின் பெயரில் ஒன்றும் இல்லை.

ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். மலைத் தேவாங்கு என்று ஒன்று, அறுபது வருடத்துக்கு மேல் யாரும் காணாமல், அழிந்தே போனது என்று எழுதி மூடிவிட்டார்கள். 2002இல் அதே காட்டில் திரும்பக் கண்டார்கள். உள்ளங்கையில் அடங்குகிற உயிர், இரவில் மட்டும் வெளியே வரும்.

வான்சாரதி
மரை பற்றி நான் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஃபார் இன் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு பெரிய மரை வந்து நிற்கும், ஆட்கள் பாண், ரொட்டி, பிஸ்கட் என்று நீட்டுவார்கள், அதுவும் நாய் மாதிரி வந்து முகத்தை நீட்டும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பிஸ்கட்டோடு பேப்பரும் உள்ளே போகிறது. செத்த மரையின் வயிற்றில் பொலித்தீன் எடுத்த கதை பேப்பரிலேயே வந்தது. கேட்டில் அவ்வளவு சோதித்தும் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு போகிறவர்களை என்ன செய்வது? போன மாதம் என் வானில் வந்த ஒரு குடும்பம், படித்த ஆட்கள், இறங்கும்போது சீற்றுக்கு அடியில் இருந்து இரண்டு பெக்கட் எடுத்தார்கள். நான் வானை எடுக்க மாட்டேன் என்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். காசு குறைத்துத்தான் தந்தார்கள். போகட்டும்.

நொன்பரல் பேரன்
நான் கீழே இருந்து எழுதுகிறேன். உலக முடிவில் நின்று எட்டிப் பார்த்தால் (மூடுபனி இல்லாவிட்டால்) நேர் கீழே 870 மீற்றர் பள்ளத்தில் தேயிலையும் லயமும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) தீப்பெட்டி மாதிரித் தெரியுமே, அது நொன்பரல் தோட்டம், பாட்டி கொழுந்து பறித்த இடம். மேலே இருந்து எல்லாரும் படம் எடுக்கிறார்கள். கீழே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. சுவர். விடியும்போது சிவக்கும், பத்து மணிக்கு மேகம் அதன்மேல் வழியத் தொடங்கும். பால் பொங்கி வழிகிற மாதிரி. பாட்டி அதைப் பார்த்துத்தான் மழைக்குப் போர்த்தச் சாக்கு எடுக்கவா வேண்டாமா என்று முடிவு செய்வாராம்.

மழை இல்லாத மாதத்திலும் எங்கள் பீலியில் தண்ணீர் வருவது நிற்காது. சின்ன வயதில் மலைக்குள் குளம் இருக்கிறது என்று நினைத்தேன். அந்தப் பஞ்சில் இருந்துதான் வருகிறது என்று இந்தப் பேச்சை வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பண்டாரவளை வாத்தியார்
தம்பி, அருமையாக எழுதினீர்கள். பஞ்சு மட்டும் இல்லை, மேகத்தை இலையால் வடித்துத் தருகிற காடும் சேர்ந்துதான் அந்தத் தண்ணீர். உங்கள் பக்கம் இறங்குவது பெலிஹுல் ஓயா, பேக்கர் நீர்வீழ்ச்சியில் விழுந்து வளவை கங்கைக்குப் போகிறது. மறுபக்கம் அக்ர ஓயா, அது கொத்மலை ஓயாவாகி மகாவலியில் சேர்கிறது. மேற்கே பொகவந்தலாவைப் பக்கம் இறங்குவது களனிக்கு. மூன்று கங்கைக்கும் ஒரே கூரை. கொட்டகலைக்காரி, நீங்கள் பஸ்ஸில் தலவாக்கலை போகும்போது சென் கிளயர் அருவியைப் பார்ப்பீர்கள்தானே, அதில் விழுவதில் ஒரு பங்கு உங்கள் சப்பாத்து கிடக்கிற பக்கத்தில் இருந்து வந்ததுதான்.

5,000 அடிக்கு மேல் காட்டை வெட்டக் கூடாது என்று 1873இல் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர் எழுதிய ஒரு கடிதம்தான் இதைக் காப்பாற்றியது. இல்லாவிட்டால் அங்கேயும் தேயிலை நின்றிருக்கும், நாமும் அங்கேயே பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றிருப்போம்.

வெள்ளைத்தாடி
காட்டைக் காப்பாற்றக் கடிதம் எழுதினார்கள். அதற்குக் கீழே குளிரில் கிடந்த எங்கள் ஆட்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. சொல்லக் கூடாது என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

பண்டாரவளை வாத்தியார்
சொல்ல வேண்டியதுதான் ஐயா.

வடமராட்சியான்
ஒரு கேள்வி. இவ்வளவு பெறுமதியெண்டால் ஆக்களை உள்ள விடாமல் பூட்டினால் என்ன? சனம் கூடக் கூடச் சேதம்தானே.

குருவிப்பித்தன்
பூட்டினால் யாருக்கும் தெரியாமல் போகும், தெரியாததை யாரும் காப்பாற்ற மாட்டார்கள். என் கணக்கில் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வைக்கலாம், சதுப்பு வருகிற இடத்தில் பலகைப் பாதை போடலாம். நீண்ட வார இறுதியில் அந்தச் சுற்றில் நடந்து பாருங்கள், கொழும்புப் பேட்டா பஸ் நிலையம் தோற்றுவிடும். பாட்டுப் பெட்டி வேறு.

நொன்பரல் பேரன்
பலகைப் பாதைக்கு நான் ஆதரவு. டிக்கட் விலையை ஏற்றிக் கூட்டத்தைக் குறைக்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். கொழும்பில் இருந்து வருகிறவருக்கு அது ஒரு பகல் சாப்பாட்டுக் காசு, எங்கள் வீட்டுக்கு அது இரண்டு நாள் பெயர் (தோட்டத்து நாட்கூலி). மலையடியில் பிறந்தும் பாட்டி ஒரு தடவைகூட மேலே ஏறவில்லை.

கொட்டகலைக்காரி
ஜனவரியில் திரும்பப் போகலாம் என்று அண்ணனோடு கதைத்தாயிற்று. இந்தத் தடவை உலக முடிவுக்கு ஓடப் போவதில்லை. அரெங்கா குளத்தில் பத்து நிமிடம், ஓணான், அழுகண்ணி, பாதையில் நின்றபடியே அந்தக் கறுப்புத் தண்ணீர். அம்மாவும் வருகிறார், அனுமார் கதையை வாத்தியாரோடு நேரில் பேச வேண்டுமாம். வானில் இன்னும் நாலு சீற் இருக்கிறது. நொன்பரல் பேரன், பாட்டிக்கு நடக்க முடியுமா?

நொன்பரல் பேரன்
பாட்டிக்கு 81. ஃபார் இன் வரை வானிலேயே வரலாம் என்றால் கேட்டுப் பார்க்கிறேன். மேலே இருந்து லயத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு காலம் சொல்லிக்கொண்டிருந்தார், இப்போது சொல்வதில்லை.

வான்சாரதி
ஃபார் இன் வரை வான் போகும். அதற்கு மேல் நடைதான், போகும்போது நாலரை கிலோமீற்றர் வரும். பாட்டி விளிம்பு வரை போக முடியாது, உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் ஃபார் இன்னில் உட்கார்ந்தாலே புல்லும் மரையும் தெரியும், நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் நடந்து போய்ப் போனில் லயத்தைப் படம் பிடித்து வந்து காட்டுங்கள்.

பாட்டிக்குக் காசு வேண்டாம். கொட்டகலையில் 3 மணிக்கு, சரியாக 3 மணிக்கு. பொலித்தீன் இருந்தால் ஏற்ற மாட்டேன்.

பிளேன்டி
நானும் வருகிறேன். இரண்டு சோடி சப்பாத்து கொண்டுவரவா?